நானூறு படங்களுக்கு ஒரே குறிப்பு

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். கத்துகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கத்தி முடித்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, கைக்கு எட்டிய கருவியால் எதையாவது செய்துவைப்பேன். இருபத்தாறு வயதில் என் கைக்கு எட்டிய கருவி ஒரு விசைப்பலகை. அதை எனக்கு நன்றாக இயக்கத் தெரிந்திருந்ததுதான் வினை.

போர் அதன் கடைசி வருடங்களுக்குள் நுழைந்திருந்தது. அம்மாவும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். நுகேகொடையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். தலைக்கனத்துக்கு வயது முப்பது.

ஒருநாள் அம்மா சொன்னா, "கொட்டாஞ்சேனை றோசலின் ரீச்சருக்கு ஒரு கொம்பியூட்டர் உதவி வேணுமாம். ஞாயிறில போய்ச் செய்து குடன், புண்ணியமாப் போகும்."

அம்மா புண்ணியத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அல்ல. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

றோசலின் ரீச்சர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. இருபது வருடமாகக் கல்யாணம் பொருத்திவைக்கிறவர். ஞாயிறு காலை பூசை. பகல் முழுக்கச் சாதகம். ("நான் அந்தோனியாரைக் கும்பிடுறன். ஆனா எனக்குச் சோறு போடுறது செவ்வாய்க் கிரகம்" என்பார்.) வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஒவ்வொரு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு போட்டோ. போட்டோவின் முதுகில் ஊசி குத்திய ஒரு துண்டுக் காகிதம். அந்தத் துண்டில்தான் எல்லாம் இருக்கும்.

அந்தத் துண்டுகளால்தான் வந்தது பிரச்சினை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிவு பார்க்க வந்த பொலிஸார் மேசையில் இருந்த துண்டுகளைக் கண்டுவிட்டார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்திருந்தார். அவர் ஒரு துண்டை எடுத்து "செவ்வாய் 7" என்று வாசித்தார். அடுத்த துண்டிலும் "செவ்வாய் 7". இன்னொன்றில் "செவ்வாய் 8". வருகிற செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு என்ன நடக்கப்போகிறது, ஏன் சில பேருக்கு மட்டும் எட்டு மணி என்று ரீச்சரை அரை நாள் நிலையத்தில் வைத்து விசாரித்தார்கள். ஏழாம் வீட்டில் செவ்வாய் இருந்தால் கல்யாணம் பிந்தும் என்பதைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தி முடிக்க ரீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"பிள்ளை, எனக்கு இந்தத் துண்டு ஒண்டும் வெளியில தெரியக் கூடாது. ஆரும் திறந்து பார்த்தா வெறும் போட்டோ எண்டு இருக்க வேணும். செய்யேலுமோ?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆள் ஓர் அட்டவணை போட்டு, அதற்கொரு கடவுச்சொல் வைத்துக் கொடுத்துவிட்டு, ரீச்சர் தந்த பற்றிஸைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். நான் சாதாரண ஆளா? லினக்ஸில் ஒரு வசதி இருப்பது எனக்குத் தெரியும். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாமல், அதன் முதுகில் நமக்கு வேண்டிய பெயரில் வேண்டிய தகவலை ஒட்டிவைக்கலாம். ரீச்சர் ஊசியால் குத்திய அதே துண்டுதான். ஊசி மட்டும் வேறு. படத்தைத் திறந்து பார்க்கிறவருக்குப் படம் மட்டுமே தெரியும். துண்டு இருப்பதை அறிந்து கேட்டால்தான் அது வெளியே வரும். அதைச் செய்ய இயங்குதளத்தின் கருவையே நேரே கூப்பிட வேண்டும். அதற்குப் பெயர் சிஸ்டம் கோல். கோப்பின் பெயர், துண்டின் பெயர், எழுத வேண்டியது, அதன் நீளம், கடைசியில் ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம், "ஏற்கெனவே துண்டு இருந்தால் தொடாதே" என்று சொல்ல உதவும். பூச்சியம் போட்டால் அது கேள்வியே கேட்காது. இருந்தால் அழித்து எழுதும். நான் பூச்சியம் போட்டேன். கேள்வி கேட்பது எனக்கு அப்போது பிடிக்காது.

நான்கு ஞாயிறுகளில் நானூற்றுச் சொச்சம் படங்களை ரீச்சரின் கொம்பியூட்டரில் ஏற்றினோம். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர், வயது, ஊர், நட்சத்திரம் என்று துண்டுகள். கடைசியாக 'குறிப்பு' என்று ஒன்று. குறிப்பு ரீச்சரின் கண்ணுக்கு மட்டும். அதை ரீச்சர் தானே தட்டச்சு செய்வார். நான் அதற்கு இருநூறு பைட் இடம் ஒதுக்கியிருந்தேன். தமிழில் ஒரு கொம்பும் காலும் வைத்த எழுத்து ஆறு பைட்டைத் தின்றுவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. ரீச்சர் எழுதுவது பாதியில் அறுந்தது.

"இவ்வளவுதான் கொள்ளுமோ?"

"சுருக்கி எழுதுங்கோ ரீச்சர். கொம்பியூட்டருக்குச் சுருக்கமாத்தான் சொல்ல வேணும்." கொம்பியூட்டருக்கு அப்படி ஒரு நியதியும் இல்லை. எனக்கு அந்த இலக்கத்தை மாற்றப் பஞ்சி, வெறும் சோம்பல்.

ரீச்சர் சுருக்கினார். எல்லாம் ஏறி முடிந்ததும் காகிதத் துண்டுகளைப் பின்வளவில் போட்டு எரித்தார். நானே நெருப்புப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன். "பயப்படாதேங்கோ, ஒவ்வொரு ஞாயிறும் பென் ட்ரைவில ஒரு பிரதி எடுக்கிறன்" என்றும் சொன்னேன்.

ஐந்தாவது ஞாயிறு. ரீச்சர் வீட்டுக்குப் போன பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்ததும் என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பையில் மடிக்கணினி. ஓர் இராணுவச் சிப்பாய் அதைத் திறந்து காட்டச் சொன்னான். திறந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு மினுங்கும் கோடு.

"மேக்க மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். அரைகுறைச் சிங்களத்தில், போட்டோ ஒழுங்குபடுத்துகிற வேலை என்றேன்.

"கோ போட்டோ?"

போட்டோ எங்கே என்பது நியாயமான கேள்விதான். அவை இருந்தது ரீச்சரின் கொம்பியூட்டரில். என் திரையில் அலங்காரமாக ஒன்றும் இருக்கக் கூடாது என்ற கொள்கையில் நான் படம் காட்டுகிற மென்பொருளைக்கூடப் போட்டிருக்கவில்லை. நாற்பது நிமிடம் வெயிலில் நின்றேன். அவனுடைய மேலதிகாரி வந்து, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கொட்டாவி விட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் வந்த பஸ் போய்விட்டிருந்தது. அந்தக் கொட்டாவியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகும். சந்தேகப்பட்டுப் பிடித்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அந்தச் சூட்டோடு ரீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்தேன். ரீச்சர் ஒரு பெண் வீட்டுக்காரரைப் பார்க்க வெளியே போயிருந்தார். அன்றைய வேலை, எல்லாத் துண்டுகளையும் வாசித்து அச்சடிக்கிற சிறு செயலியை எழுதுவது. எழுதி ரீச்சரின் கொம்பியூட்டரில் ஓட்டினேன்; படமும் அதன் துண்டுகளும் வரிசையாக வந்தன. ரீச்சரின் குறிப்புகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நிறம் குறைவு." "பல் முன்னுக்கு." "வயது 28 என்பார்கள், 31." "தகப்பன் குடி." "ஒரு கால் சிறிது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் கேவலத்தை ஒளித்துவைக்கவா நான் இயங்குதளத்தின் கருவைக் கூப்பிட்டேன்? கீழே கீழே போனேன். ஓரிடத்தில், ரீச்சர் எனக்குத் தெரியாமல் ஏற்றியிருந்த ஒரு படத்தில், எனக்கு நன்கு தெரிந்த ஒரு சேலை. அக்காவின் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டிருந்தார்கள். சேலைக்குள் நான். அம்மாவின் புண்ணியம் அப்போது விளங்கியது.

என் குறிப்பு இது: "கோபம் கூட."

கோபம் கூடவாம், அதிகமாம். எனக்கு.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதை எழுதினால் ரீச்சரின் குறிப்பு சரிதான் என்று நீங்களும் சொல்வீர்கள். சொல்லுங்கள். என் படத்தின் குறிப்பை அழித்து அதற்குப் பதிலாக இன்னொன்றை எழுதுவதென்று முடிவெடுத்தேன். வாசகத்தை மனதுக்குள் அமைத்தேன்: "பிள்ளையில் குறை இல்லை. குறை தேடி வருபவர் முதலில் கண்ணாடியைப் பார்க்கவும்." இருநூறு பைட்டுக்குள் அளவெடுத்துத் தைத்தாற்போல் போய் உட்கார்ந்தது. செயலியை ஓட்டும்போது என் படத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். நான்கு ஞாயிறாக எல்லாப் படங்களுக்கும் சேர்த்தே வேலை செய்த விரல், பழக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியைத் தட்டியது. நட்சத்திரம் என்றால் 'இந்த அடைவில் உள்ள எல்லாம்'.

திரை ஒன்றும் சொல்லவில்லை. சரியாக நடந்தால் அது ஒன்றும் சொல்லாது. என் படத்தை மட்டும் திரும்ப வாசித்துப் பார்த்தேன். புது வாசகம் இருந்தது. ரீச்சர் என்றாவது இதை அச்சடித்து வாசிக்கட்டும் என்று திருப்தியோடு வீடு வந்தேன். அம்மாவோடு மூன்று நாள் கதைக்கவில்லை. ஏனென்று அம்மாவும் கேட்கவில்லை. அவவுக்கு விளங்கியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை ரீச்சர் வீட்டில் ஒரு பெண் பார்க்கும் சந்திப்பு. அச்சு இயந்திரம் மக்கர் பண்ணுவதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பெண் ஜெயந்தி, வவுனியா, இருபத்தேழு வயது. அவளும் தகப்பனும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் பொலிஸ் பதிவோடு தங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை சுதன், கனடா. இரண்டு கிழமை லீவில் தாயோடு வந்திருந்தார். இந்தச் சம்பந்தம் பொருந்தினால் ஜெயந்தி இந்த நாட்டை விட்டுப் போய்விடலாம். பொருந்தாவிட்டால் திரும்ப லொட்ஜ், திரும்பப் பதிவு.

இரண்டு தாள்கள் அச்சடித்தேன். குறிப்பு இல்லாதது மாப்பிள்ளையின் தாய்க்கு, குறிப்புள்ளது ரீச்சருக்கு. அச்சு இயந்திரத்தைத் திட்டுகிற அவசரத்தில் எதையும் வாசிக்கவில்லை. ரீச்சர் தன் தாளின் அடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

அந்த இடைவெளியில் மாப்பிள்ளையின் தாய் ஜெயந்தியின் தகப்பனைப் பார்த்துக் கேட்டார், "உங்களுக்கு மூத்த மகன் ஒராள் இருக்கிறார் எண்டு கேள்வி. அவர் எங்க இருக்கிறார்?"

தகப்பன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். ஜெயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

ரீச்சர் வழக்கமாக இப்படியான கேள்வி வருமுன்பே பேச்சைத் திருப்பிவிடுவார். அன்று அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட மாப்பிள்ளையின் தாய், "உங்கட தாளில கனக்க எழுதியிருக்கு. என்னட்டத் தந்ததில இல்லை. என்ன ஒளிக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே அதைப் பறித்து உரக்க வாசித்தார்.

"பிள்ளையில் குறை இல்லை. குறை தேடி வருபவர் முதலில் கண்ணாடியைப் பார்க்கவும்."

மணப்பெண்கள் பொட்டுச் சரிசெய்துகொள்ள என்று ரீச்சர் வாசலருகே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். வாசித்து முடித்த அந்த அம்மா தன்னை அறியாமல் திரும்பி அதைப் பார்த்தார். மாப்பிள்ளை சுதன் சிரித்துவிட்டார். அதோடு எல்லாம் முடிந்தது.

"எங்களை வரச்சொல்லி வச்சு நக்கலடிக்கிறியளோ?" அந்த அம்மா எழுந்தார். "என்ர மகன்ர தாளையும் காட்டுங்கோ பாப்பம்."

காட்டாவிட்டால் இன்னும் மோசமாகும் என்று ரீச்சர் எனக்குக் கண்ணைக் காட்டினார். அச்சடித்தேன். இந்த முறை தாள் வெளியே வரும்போதே வாசித்தேன். அதே வாசகம். மாப்பிள்ளையின் தாய் முதல் வசனத்தை வாசித்துவிட்டு, "அது சரி" என்றார். இரண்டாவதை வாசித்துவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரீச்சர் கதவைச் சாத்தவில்லை. நின்றபடியே கேட்டார்.

"நீர் எழுதினதோ?"

"ஓம் ரீச்சர்."

"எத்தினை படத்தில?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "எல்லாத்திலயும்."

"மாப்பிளைமாரிலயுமோ?"

"ஓம்."

சற்று யோசித்தார். "அதில சில பேருக்குப் பொருந்தும்" என்றார். பிறகு, "பிரதி இருக்கெண்டு சொன்னனீர். அதைப் போடும்."

பென் ட்ரைவைச் செருகினேன். படங்கள் எல்லாம் இருந்தன. ஒன்றின் முதுகிலும் ஒரு துண்டும் இல்லை. பென் ட்ரைவின் கோப்பு முறைமை அந்தத் துண்டுகளைத் தாங்காது. நான் பிரதியெடுத்த கட்டளை, தாங்காதென்று ஒரு வார்த்தை சொல்லாமல் படங்களை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நானூறு ஊமைப் படங்களைப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறேன். அந்தக் கட்டளையை எழுதியவரை நேரில் கண்டால் இன்றும் நாலு வார்த்தை கேட்பேன். (கையேட்டில் எழுதியிருந்தார்தான். நான் வாசிக்கவில்லை. அதற்காக விட முடியுமா?)

வெளியே வந்தபோது ஜெயந்தி வாசல் படலையடியில் நின்றாள். தகப்பன் சற்றுத் தள்ளி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான், அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகாமல் தப்பினீர் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா," என்றாள், சத்தம் உயர்த்தாமல். "அவ நல்ல மனுசி இல்லை எண்டு எனக்குத் தெரியாதே? வந்து இருந்த உடனயே தெரிஞ்சது. நான் சமாளிச்சிருப்பன். உங்களுக்குக் கோவம் வந்தா உங்கட படத்தில எழுதுங்கோ. என்ர படத்தில ஏன் எழுதினியள்?"

நட்சத்திரக் குறியைப் பற்றியா அவளுக்குச் சொல்வது?

அடுத்த ஞாயிறிலிருந்து ரீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இருநூறை நாலாயிரமாக மாற்றினேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. இடம் கிடைத்ததும் ரீச்சர் சுருக்காமல் சொன்னார்.

"எழுதும். 'நிறம் குறைவெண்டு சொல்லுற வீட்டுக்கு இந்தப் பிள்ளையைக் காட்டவே கூடாது. போன முறை அழுதவள்.' அடுத்தது. 'வயசு முப்பத்தொண்டு. தாயின்ர வருத்தத்தைப் பார்த்து மூண்டு வருசம் போட்டுது. அதால இருபத்தெட்டெண்டு சொல்லுகினம், நானும் அப்பிடியே சொல்ல வேணும்.' அடுத்தது. 'தகப்பன் குடி. பின்னேரத்தில போன் எடுக்கக் கூடாது, பிள்ளைக்கு வெக்கம்.'"

நான் தட்டச்சு செய்வதை நிறுத்தினேன். "இதையெல்லாம் முந்தி ஏன் இப்பிடி எழுதேல்லை ரீச்சர்?"

"நீர்தானே சுருக்கச் சொன்னனீர்."

ஜெயந்தியின் முறை வந்தது. "'தகப்பனுக்கு முன்னால அண்ணனைப் பற்றி ஒருவரும் கேட்க விடக் கூடாது. வாசல்ல இருந்து அவனைக் கொண்டு போனவங்கள், ஆள் இன்னும் வரேல்லை.'" அன்று ரீச்சர் தாளின் அடியில் தேடியது இந்த வரியைத்தான்.

அந்த வேலை பாதி முடியுமுன்பே ஒரு காலையில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உடுப்பு எடுக்கக்கூடச் சிலருக்கு நேரம் கொடுக்கவில்லை. ஜெயந்தியும் தகப்பனும் அந்த பஸ்களில் ஒன்றில் இருந்தார்கள். சொந்த நாட்டின் தலைநகரத்தில் படுத்து எழும்பியவர்களைக் குப்பை அள்ளுவதுபோல் அள்ளிப் போனதை இன்று நினைத்தாலும் எனக்குப் பல் நறநறக்கும். ஆனால் அந்தக் கோபத்தை எடுத்து வீசப் போகும்போதெல்லாம், அந்தச் சனிக்கிழமை ஒழுங்காக நடந்திருந்தால் அவள் அன்று அந்த லொட்ஜில் இருந்திருக்கமாட்டாளோ என்ற கேள்வி வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். முழுதாகக் கோபப்படும் உரிமையையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தச் சொன்னதும், கொஞ்ச நாளில் அவர்கள் திரும்பி வந்தார்கள். ரீச்சர் விடவில்லை. சுவிஸில் இருந்து ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். (தாய் உயிரோடு இல்லை என்பதை ஒரு தகுதியாகவே குறித்திருந்தார்.) அந்தச் சந்திப்பு நடந்த நாளில் என்னை வீட்டுக்குள்ளே விடவில்லை. தெருமுனைக் கடையில் போய் இருக்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் மூன்று தேநீரோடு இருந்தேன். முடிந்து வெளியே வந்த ஜெயந்தி கடையைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஓம் என்பதுபோல் தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டினாள். அது போதுமாக இருந்தது.

நான் செய்ததை ரீச்சர் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா அக்காவுக்குச் சொன்னா. அக்கா உலகத்துக்குச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் பார்க்கும் சடங்கானாலும் எனக்கொரு வெளிவேலை தயாராக இருக்கும். ஒருமுறை பூ வாங்க. ஒருமுறை ஊரில் இல்லாத ஓர் உறவினரை அழைத்துவர. போன வருடம் அக்காவின் மகள் ஆரணியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களின் கார் கீழே நிற்கும்போதே ஆரணி என் கையில் பையைத் தந்தாள்.

"சித்தி, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"கடை கீழேயே இருக்கு. அஞ்சு நிமிசத்தில வந்திடுவன்."

"கீழ்க் கடையில வேண்டாம். தெகிவளையில வாங்குங்கோ. நடந்து போங்கோ."

"உருகிப் போடுமே, பிள்ளை."

"பரவாயில்லை சித்தி," என்றாள். "உருகட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நடந்தே போனேன்.